வெயிலுக்குப் போட்ட ஒயில்

மடுல்சீமை, மேல் லயம்
ஞாயிற்றுக்கிழமை மாலை

என் அன்புத் தனுஜாவுக்கு,

நான், நம் மகள் நிரோஷினி, உன் அம்மா, இந்தக் குளிர், நால்வரும் சுகம். குளிரையும் வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொண்டதற்குச் சிரிக்காதே. மாசி முடியப் போகிறது, இன்னும் போக மனமில்லாமல் வாசல் இஸ்தோப்பிலேயே படுத்துக் கிடக்கிறது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்களின் தலைத்துணி மட்டும்தான் பனிக்குள் நகர்வது தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. குவைத்து வெயிலில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மாவை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் போனில் முகம் பார்க்கிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். அந்தப் போனில் நம் இரண்டு பேருக்கு எங்கே இடம் இருக்கிறது? நீ கூப்பிட்டதும் உன் அம்மா முதல் வரிசை, பக்கத்துக் காம்பிராக்காரர்கள் இரண்டாம் வரிசை, அவர்களுக்கும் பின்னால் என்னுடைய ஒரு காது. உனக்கு அந்தக் காதாவது தெரிகிறதோ இல்லையோ. நான் சாப்பிட்டியா என்று கேட்பேன், நீ சாப்பிட்டேன் என்பாய், அதற்குள் சிக்னல் போய்விடும். புருஷன் பெண்டாட்டி பேச்சு அவ்வளவுதான்.

அதனால்தான் இது. பசறையில் பைக் சாமான் கடை வைத்திருக்கும் ஸஹாப்தீன் நானாவை உனக்குத் தெரியும். அவருடைய தங்கை நஸ்மியாவும் உன்னைப் போலக் குவைத்தில்தான் வேலை. லீவில் வந்திருக்கிறார், நோன்புப் பெருநாள் முடிந்ததும் திரும்பிப் போகிறார். ஒரு பொட்டலமும் ஒரு கடிதமும் கொடுத்தால் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். பெருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் ஆற அமர எழுதுவேன், நீயும் ஆற அமரப் படி.

நிரோஷினிக்கு முன்பல் விழுந்துவிட்டது. கூரைமேல் எறியாமல் உனக்குக் காட்டுவதற்காகத் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். அத்தைக்கு, உன் அம்மாவுக்குத்தான், முழங்கால் வலி இருந்தாலும் நடை குறையவில்லை. சித்திரை கடைசியில் உன் ஒப்பந்தம் முடிகிறது என்பது இந்த மலை முழுவதும் தெரிந்துவிட்டது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன் பிடிக்க வேண்டும் என்று அத்தை இப்போதே ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த வேனைப் பற்றித்தான் எழுத வந்தேன். போன தடவை நீ வந்தது நினைவிருக்கிறதா? வெளிநாட்டிலிருந்து ஒருத்தி வந்தால் லயத்து வரிசை வீடு அத்தனையும் வேனில் ஏறிப் போய்க் கூட்டிவருவது நம் ஊர் வழக்கம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீ உன் பெரியம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாய், நான் டிரைவர் பக்கத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை காலம் கழித்து வந்த பெண்டாட்டியின் முகத்தை வீடு வரும்வரை கண்ணாடியில்தான் பார்த்தேன். அதிலும் பாதி உன் சின்னம்மாவின் கொண்டை. நீ பிறகு சொன்னாய், அடுத்த தடவை நீங்க மட்டும் பைக்ல வாங்க, நான் பின்னாடி ஒக்காந்து காத்து வாங்கிக்கிட்டே வாறேன் என்று. நீ விளையாட்டுக்குச் சொன்னாயோ என்னவோ, நான் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆகவே பைக்கை எழுப்பிவிட்டேன். நம் சிவப்புக் கிழவனைத்தான் சொல்கிறேன். தேயிலை ஸ்டோரின் டீமேக்கர் ஐயா பென்ஷனில் போகும்போது எனக்கு விற்றுவிட்டுப் போனாரே, அதே பழைய ஜப்பான் பைக். நீ போனதிலிருந்து அதைப் பெரிதாக ஓட்டவில்லை, பொலித்தீனால் மூடி வைத்திருந்தேன். டயர் இரண்டும் மாற்றியாகிவிட்டது, சீட்டு தைத்தாகிவிட்டது. உனக்கு நீல ஹெல்மட் ஒன்று வாங்கிச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். மறுநாள் பார்த்தால் அத்தை அதற்குள் சின்ன வெங்காயத்தைப் போட்டு வைத்திருக்கிறார். காற்றோட்டமாக இருக்கிறதாம். வேன் கட்சிக்காரர் அல்லவா, எதிர்க்கட்சிச் சாமானுக்கு அப்படித்தான் மரியாதை.

எல்லாம் சரியாகிவிட்டது, ஒயில்தான் பாக்கி. பழையது கறுத்துத் தார் மாதிரி வடிந்தது. புதிதாக என்ன ஒயில் போடுவது என்று ஒரே ஒருவரைக் கேட்டேன், ஊரே பதில் சொன்னது. கிழட்டு எஞ்சினுக்குக் கெட்டியானதுதான் நல்லது என்றார் ஸ்டோரில் என்னோடு வேலை செய்கிறவர். இந்தக் குளிரில் கெட்டி ஒயில் போட்டால் காலையில் உதைத்தே காலுடைந்து போகும், லேசானதே போதும் என்றார் கோயில் பூசாரி. அவருக்குச் சைக்கிள்கூட இல்லை. உன் அண்ணன் அழகர் மச்சான் இன்று பதுளையிலிருந்து வந்தார். முதலாளியின் புதுக் காருக்கு ஊற்றி மிஞ்சிய ஒயில் என்று ஒரு கேனைத் தந்தார். இது சொகுசு காருக்குப் போடுறது மாப்புள, ஒங்க வண்டி பறக்கும் பாருங்க என்றார். அதையே ஊற்றிவிட்டேன். விலை உயர்ந்த சாமான் கெடுதல் செய்யாது என்று நம்புகிறவர்கள் நாம். நாளை ஓட்டிப் பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

சனிக்கிழமை

தனு, நடுவில் ஐந்து நாள் எழுதவில்லை. எழுத முடியவில்லை என்பதுதான் சரி.

முதலில் பைக்கின் கதையைச் சொல்லிவிடுகிறேன், அதில் சிரிக்கவாவது ஏதோ இருக்கிறது. பசறைக்கு இறங்கும்போது நன்றாகத்தான் போனது. திரும்பி மேலே ஏறும்போது, அந்தப் பெரிய வளைவு இருக்கிறதே, தண்ணீர் ஒழுகும் பாறைக்குப் பக்கத்தில், அங்கே எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. முறுக்க முறுக்க உறுமுகிறது, சக்கரம் மட்டும் தூங்குகிறது. மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். என்னா தம்பி, வண்டி பாட்டு மட்டுந்தான் பாடுமா, ஆடாதா என்று ஒருத்தி கேட்க, மலையே சிரித்தது. கடைசியில் அவர்களே இறங்கி வந்து தள்ளினார்கள். வீடுவரை முதல் கியரில் உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

பிறகு வெள்ளிக்கிழமை வந்தது. நீ கூப்பிட்டாய்.

நீ சொன்னதை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதினால் மனதுக்குள் அடங்கும் என்று எழுதுகிறேன். நீ வேலை செய்கிற வீட்டு மேடத்துக்குப் பெருநாள் கழித்துக் குழந்தை பிறக்கும், அது நடை பழகும் வரைக்கும் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள் என்றாய். அந்த வீட்டுக்கு நீ இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது, மேடம் அழுதுவிட்டார் என்றாய். நல்ல மனிதர்கள், கைநீட்டாதவர்கள், உன்னைத் தங்கள் மேசையில் உட்கார வைத்து நோன்பு திறக்கிறவர்கள். அதனால்தான் உனக்கு மறுக்க முடியவில்லை என்பது எனக்குப் புரிகிறது. கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

நம் வீட்டில் எல்லோரும் சட்டென்று என் பக்கம் திரும்பினார்கள். நீ கூட்டத்துக்குப் பின்னால் என்னைத் தேடி, நீங்க என்னங்க சொல்றீங்க என்று கேட்டாய். இத்தனை பேர் முகத்துக்கு நடுவில் நான் என்ன சொல்வது? ஒன் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். நல்ல புருஷன் என்று பக்கத்துக் காம்பிராக்காரர்கள் பாராட்டினார்கள். நான் வெளியே போய், துடைத்து வைத்திருந்த பைக்கையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று ஒயிலை மாற்றுவதற்காகப் பசறைக்குப் போனேன். ஸஹாப்தீன் நானா கேனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, பேரைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். இது கார்ட ஒயில் தம்பி, வழுக்கிறதுக்கு மருந்து போட்டீக்கி என்றார். காரில் கிளட்ச் தனியாகக் காய்ந்து கிடக்குமாம். இந்த மாதிரி பைக்கில் கிளட்சும் எஞ்சின் ஒயிலிலேயே குளித்துக்கொண்டிருக்கிறதாம். வழுக்கும் ஒயிலை ஊற்றினால் கிளட்ச் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று கேட்டார். அழகர் மச்சானிடம் இதைச் சொல்லிவிடாதே, பாவம், பாசத்தில் தந்தது.

பிறகு இரண்டு போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டும் பைக்குக்கு உரியவைதான். ஒன்று பத்து முப்பது, இன்னொன்று இருபது ஐம்பது. முதல் எண் குளிருக்கு, இரண்டாம் எண் சூட்டுக்கு என்று விளக்கினார். முதல் எண் சிறியதாக இருந்தால் குளிர்ந்த எஞ்சினில் சீக்கிரம் ஓடிப் பரவும். இரண்டாம் எண் பெரியதாக இருந்தால் கொதிக்கிற எஞ்சினில் தண்ணீராக இளகிப் போகாமல் தடித்தே நிற்கும். பழைய எஞ்சினில் தேய்மானம் இருக்கும், வெயிலில் நெடுந்தூரம் ஓடினால் லேசான ஒயில் இடுக்கு வழியே ஏறி எரிந்து நீலப் புகையாகப் போய்விடும். அதையெல்லாம் சொல்லிவிட்டு நானா ஒரு கேள்வி கேட்டார். நீங்க எந்த ரோட்ல ஓடப் போறீங்க தம்பி? மலைக்குள்ளயே ஓடுறதெண்டா இந்த லேசானது. கட்டுநாயக்கா வரைக்கும் வெயில்ல போய் வாறதெண்டா இந்தக் கெட்டி. எது வேணும்?

இரண்டு போத்தலையும் மாறி மாறிக் கையில் எடுத்துப் பார்த்தேன் தனு. கட்டுநாயக்கா போகிறேனா இல்லையா என்பது எனக்கே தெரியாதபோது அவருக்கு என்ன சொல்வது? அந்த நேரம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நானா பேரீச்சம்பழம் வாயில் போட்டுக்கொண்டு எனக்கும் ஒன்று தந்தார். ஒரு கோப்பையில் நோன்புக் கஞ்சி ஊற்றி, குடிங்க, குடிச்சிட்டு யோசிங்க என்றார். சூடான கஞ்சி உள்ளே போகப் போக, கடைக்கு வெளியே மலைமேல் வெளிச்சம் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதே நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி நீயும் அங்கே ஒரு மேசையில் கஞ்சிக்கோ சோற்றுக்கோ உட்காருவாய் என்று தோன்றியது. கோப்பையை வைத்துவிட்டுக் கெட்டி ஒயிலைக் காட்டினேன்.

நானாவே அதை ஊற்றித் தந்தார்.

அடுத்த ஞாயிறு

கெட்டி ஒயில் போட்டதிலிருந்து லயத்துக்கு என்னால்தான் பொழுது விடிகிறது. இந்தக் குளிரில் அது உறைந்த நெய் மாதிரி உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. நான் உதைக்கிறேன், கிழவன் இருமுகிறான். மறுபடி உதைக்கிறேன், பெருமூச்சு விடுகிறான். ஏழெட்டு உதைக்குப் பிறகுதான் மனமிரங்கி எழும்புகிறான். அதற்குள் எல்லா வாசலிலும் தலை நீட்டிவிடுவார்கள். மாமியாரைத் திட்ட முடியாமல் வண்டியை உதைக்கிறான் என்று ஒரு பேச்சும் உலவுகிறது.

ஸ்டோரில் எல்லோரும் ஒரே பாட்டு. இப்போதைக்கு லேசானதைப் போட்டு ஓட்டிக்கொண்டிரு, தனுஜா வருவது உறுதியானால் அப்போது மாற்றிக்கொள், ஒயில் என்ன ஓடியா போகும் என்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் எனக்குக் கை வரவில்லை. பயணத்துக்குக் கட்டிய சோற்றை வாசலிலேயே அவிழ்த்துத் தின்பது மாதிரி இருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு, நீ சிரித்தாலும் சரி. ஸ்டோரில் எனக்கு அடுப்புப் பக்கம்தானே வேலை. வெளியே பனி, உள்ளே சூடு, தேயிலை வறுபடுகிற வாசம் மூக்கில் ஏறினால் நின்றபடியே கண் செருகிவிடும். அப்போதெல்லாம் நான் கட்டுநாயக்காவிலிருந்து உன்னை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருப்பேன். அவிசாவளையில் வெயில் முதுகைச் சுடும். இரத்தினபுரியில் இளநீர் குடிப்போம். பலாங்கொடை தாண்டி ஹல்துமுல்லையில் காற்று மாறும், ஏதோ ஒரு வளைவில் திரும்பியதும் நம் ஊர்க் குளிர் எதிரே வந்து நிற்கும். நீ கையை என் ஜெர்க்கின் பைக்குள் விட்டுக்கொள்வாய். ஒன்றும் பேசமாட்டாய். எஞ்சின் சத்தத்தில் பேசினாலும் கேட்காது, அதனால் பேசவேண்டிய அவசியமும் இல்லை. பெரகலையில் ஏறி அப்புத்தளைக்கு வருவோம். அங்கே ரயில் கடவை மூடியிருக்கும். பனிக்குள் ரயில் போய்க்கொண்டே இருக்கும், பெட்டிகள் முடியவே முடியாது. யாராவது என் தோளைத் தட்டுவார்கள், அடுப்பில் விறகு குறைந்திருக்கும். ஒரு நாளும் கடவை திறந்து நான் பார்த்ததில்லை.

கனவிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் போதாது, வெயிலில் கிழவன் தாங்குகிறானா என்று நிஜத்திலும் பார்க்க வேண்டும் அல்லவா. அதற்காக இன்று காலை பிபிலைக்கு இறங்கினேன். பசறை தாண்டி லுணுகலை வரைக்கும் பனி கூடவே வந்தது. அதற்குக் கீழே தேயிலை மெல்ல மெல்லக் குறைந்து மிளகும் ரப்பரும் ஆகி, கடைசியில் ஒன்றுமே இல்லாத வெளிச்சமாகிவிட்டது. கண் கூசியது. ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். பொன்னிற வெயில் ரோட்டில் தண்ணீர் மாதிரி அசைந்துகொண்டிருந்தது. கிட்டப் போனால் அது இன்னும் தள்ளிப் போய் அசைந்தது.

அப்போதுதான் கிழவனின் குரல் மாறியதைக் கவனித்தேன். மேலே இருமிக்கொண்டிருந்தவன் சூடு ஏற ஏறத் தொண்டை தெளிந்து, ஒரே சீராக முனகத் தொடங்கினான். புகை இல்லை, தட்டுகிற சத்தம் இல்லை, கிளட்ச் சொன்னபடி பிடிக்கிறது. இந்த ஒயில் இந்த வெயிலுக்காகத்தான் இத்தனை நாள் குளிரில் காத்துக்கிடந்திருக்கிறது போல. எனக்கு ஏனோ கண்ணில் நீர் வந்துவிட்டது. தூசி என்று வைத்துக்கொள்.

பிபிலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மரத்தடியில் நிறுத்தினேன். தோடம்பழம் விற்கிற சிங்கள அம்மா ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஆறட்டும் என்று நானும் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். வண்டுகளின் இரைச்சல், பழத்தோல் வாசம், சூடான இரும்பு டிக் டிக் என்று ஆறுகிற ஓசை. கொஞ்ச நேரம் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. உன்னுடைய வெயிலும் இப்படித்தான் இருக்குமோ என்று கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

அந்த அம்மா பைக்கின் பின் சீட்டில் தொங்கிக்கொண்டிருந்த நீல ஹெல்மட்டைப் பார்த்திருக்கிறார். ஆமாம், வெங்காயத்தைக் கூடையில் கொட்டிவிட்டு அதையும் கூடவே கட்டிக்கொண்டுதான் போனேன், ஏன் என்று கேட்காதே. மாத்தையா தனியாகவா வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, என் மனைவி பின்னால் வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். வாயில் அப்படித்தான் வந்தது. அவர் எழுந்து நின்று, கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு, நான் வந்த ரோட்டையே பார்த்தார். நல்ல வெயில், நடந்தா வருகிறாள் என்று கேட்டார். நான் குனிந்து பழம் பொறுக்கத் தொடங்கினேன். நான் வாங்கிய பழங்களோடு இன்னொரு பழத்தைத் தேர்ந்தெடுத்து, வருகிறவளுக்கு என்று தனியாகத் தந்தார்.

அந்தப் பழம் இப்போது சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிரோஷினி கேட்டாள், நான் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை ஹெல்மட்டில் மறுபடியும் வெங்காயத்தைப் போட்டுவிட்டார், அது வேறு.

பெருநாள் மறுநாள்

நாளைக் காலையில் நஸ்மியா புறப்படுகிறார். பொட்டலத்தில் நம் ஸ்டோர்த் தேயிலை இருக்கிறது, நான் அடுப்புப் பக்கம் நின்ற நாளில் இறங்கியது. கொஞ்சம் கருவாடு, நிரோஷினி வரைந்த படம் ஒன்று. படத்தில் பைக் இருக்கிறது, அதன்மேல் நீயும் நானும். அவள் மட்டும் எங்கே என்று கேட்டதற்கு, நான் வேன்ல முன்னாடி போறேன், அப்பத்தான் ஒங்கள திரும்பிப் பாக்கலாம் என்றாள். அழகர் மச்சான் வேன் ஓட்டட்டும், உன் அம்மா உன் பெரியம்மா சின்னம்மா எல்லோரும் அதில் வரட்டும், உன் பெட்டியும் அதில் வரட்டும். எனக்கு யாரோடும் சண்டை இல்லை. நீ ஒருத்தி மட்டும் என் பின்னால் உட்கார்ந்தால் போதும்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஒன் இஷ்டம் என்று அன்றைக்குச் சொன்னேனே, அது வீடு நிறைய ஆட்களுக்கு முன்னால் சொன்ன பேச்சு. இந்தக் கடிதத்தில் நீயும் நானும் மட்டும்தான் இருக்கிறோம். அந்த வீட்டுக் குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும். மேடம் நலமாக எழுந்து உட்காரட்டும். நீ அவர்களுக்குச் செய்ததெல்லாம் உன் பிள்ளைக்கு நன்மையாக வந்து சேரும். ஆனால் தனு, அந்தப் பிள்ளை நடக்கிறவரை என்றால் அது நடந்த பிறகு உன் புடவையைப் பிடித்துக்கொண்டு ஓடும், ஓடத் தொடங்கினால் அதை விட்டு வருவது இன்னும் கஷ்டம். உன் மனது எனக்குத் தெரியாதா? நம் நிரோஷினிக்கு உன்னைப் பிடித்துக்கொள்ளப் புடவை இல்லை, தீப்பெட்டியில் ஒரு பல்தான் இருக்கிறது. எனக்கு நீ வேண்டும். இதைப் போனில் சொல்லக் கூச்சம், எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

இதற்குப் பதில் கடிதம் எழுத உனக்கு நேரம் இருக்காது. வெள்ளிக்கிழமை எல்லோரும் சூழ்ந்து நிற்கும்போது பைக்குக்குப் போட்ட ஒயிலைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும் சொல்லு. மாத்திடுங்க என்று சொன்னால் லேசானதை ஊற்றிவிடுகிறேன். மலைக்குள்ளேயே ஓடுகிற வண்டிக்கு அதுதான் நல்லது, கிழவனுக்கும் காலையில் உதை குறையும். உன்மேல் எனக்குக் கோபமே வராது, இது சத்தியம். இருக்கட்டும் என்று சொன்னால் நான் அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டேன். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது, ஒயில் பேச்சு என்று கொட்டாவி விடுவார்கள்.

யாருக்கும் புரியாது என்று நினைத்துத்தான் நேற்றுவரை இருந்தேன். இன்று விடியற்காலையில் கிழவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், பனி அப்பிக் கிடந்தது, அவன் எழும்பவே இல்லை. எல்லா வாசலிலும் சிரிப்பு. உன் அம்மா மட்டும் சிரிக்காமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். பின்னால் நின்று, ஒதைங்க மாப்புள, அது எந்திரிக்கும், அவ வாறதுக்குன்னு போட்டதுதானே என்றார். அடுத்த உதையில் எழும்பிவிட்டான். வேலை முடிந்து வந்து பார்த்தேன், வெங்காயமெல்லாம் கூடைக்கு மாறியிருக்கிறது. நீல ஹெல்மட்டை உள்ளும் புறமும் துடைத்து, சாமி படத்துக்குக் கீழே, அந்தப் பழத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

அப்புத்தளைக் கடவைக்கு இப்பால் என் கனவு ஓடமாட்டேன் என்கிறது. மீதித் தூரத்தை நீ வந்துதான் முடிக்க வேண்டும். மாரியம்மா உனக்குத் துணை இருப்பாள். அந்த வீட்டாருக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது.

ஒயிலை மாற்றச் சொல்லாதே, தனு.

உன்னை ஏற்றிவரக் காத்திருக்கும்
சதீஸ்குமார்